ரேந்தையும் தொட்டிலும்: நாகர்கோவில் முதல் பண்ணைவிளை வரை ஐந்து நாள்

முதல் நாள்: நாகர்கோவில்

என் பாட்டி தாம் படித்த இடத்தைப் பள்ளிக்கூடம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. போர்டிங் என்றுதான் சொல்வார். ஏழு வயதில் தகப்பனாரை இழந்தவரை, பனையேறிப் பிழைத்த அந்தக் குடும்பம் இடையன்குடி போர்டிங்கில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே எழுத்தும் கணக்கும் கற்றார், ரேந்தை பின்னவும் கற்றார். லேஸ் என்று இப்போது எல்லோரும் சொல்வதை எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் ரேந்தை என்பார்கள். பாட்டி விட்டுச்சென்ற ரேந்தைத் தலையணை நாற்பது ஆண்டுகளாகப் பரணில் கிடந்தது. சென்ற மாதம் அதை இறக்கித் தூசி தட்டியபோது, இந்தத் தொழில் அவர் கைக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று அந்த வழியே போய்ப் பார்க்கவேண்டும் என்ற எண்ணம் பிடித்துக்கொண்டது. பள்ளியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நேற்று இரவு கிளம்பினேன். ஒவ்வொரு நாள் இரவும் அன்றன்று கண்டதை எழுதிவிடுவதாக எண்ணம்.

காலையில் நாகர்கோவிலில் இறங்கியபோது ஆனிச் சாரல் பிடித்திருந்தது. நேரே கற்கோவில் என்னும் கிறிஸ்தவ ஆலய வளாகத்துக்குப் போனேன். 1819இல் அடிக்கல் நாட்டப்பட்ட கோவில் அது. அதே காலத்தில், கோவிலைவிடச் சின்னதாக, ஒரு வீட்டுத் திண்ணையில் தொடங்கிய இன்னொரு வேலையைத் தேடித்தான் நான் வந்திருந்தேன்.

இலண்டன் மிஷனரி சங்கத்தின் சார்பில் சார்லஸ் மீட் இந்தப் பகுதிக்கு வந்தபோது இது திருவிதாங்கூர் அரசின் தென்கோடி. அவருடைய முதல் மனைவி வரும் வழியிலேயே பினாங்கில் இறந்துபோனார். பின்னர் அவர் மணந்த ஜோகன்னா, தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஹார்ஸ்ட் ஐயரின் மகள். பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்றுதான் சொல்வார்கள். 1819இன் இறுதியில் சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் வந்து சேர்ந்தார்கள். ஐயர்மார் இருவரும் ஊர் ஊராகச் சபைகளைப் பார்க்கப் போனபோது, இந்த இரண்டு பெண்களும் வீட்டோடு பெண் குழந்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு கற்பிக்கத் தொடங்கினார்கள். அன்றைக்கு இது எளிதில் நடக்கக்கூடிய காரியம் இல்லை. பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று பெற்றவர்களே கேட்ட காலம். வந்த பிள்ளைகளில் பலர் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வயலோடும் மாட்டோடும் சேர்த்து மனிதரையும் விற்கவும் அடகுவைக்கவும் முடிந்த நாட்கள் அவை. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான்.

பிள்ளைகளை அழைத்து வந்தால் போதுமா? சோறு போடவேண்டும், துணி கொடுக்கவேண்டும், நோய் வந்தால் பார்க்கவேண்டும். மேலும், இவள் என் அடிமையின் மகள், வேலைக்கு வேண்டும் என்று உடையவன் வந்து நின்றால் என்ன பதில் சொல்வது? இந்த நெருக்கடிக்குள்தான் 1821இல் மார்த்தா மால்ட் ரேந்தையைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பின்னிய ரேந்தையை ஐரோப்பியக் குடும்பங்கள் விலைகொடுத்து வாங்கின. அந்த வருமானத்தில் ஒரு பங்கு பள்ளிச் செலவுக்குப் போனது; சில பெண்கள் தங்கள் பங்கைச் சேர்த்துவைத்து, உடையவனிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். இந்தச் செய்தியை நான் முதன்முதலில் படித்த அன்று வெகுநேரம் வேறு எதுவும் படிக்க ஓடவில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை நூலைப் பின்னிப் பின்னித் தன் விலையைத் தானே கட்டியிருக்கிறாள்.

பிற்பகலில் ரேந்தை பின்னும் ஒரு மூதாட்டியின் வீட்டுக்கு ஒருவர் வழிகாட்டினார். நான் கொண்டுபோன பாட்டியின் தலையணையை அவர் மடியில் வாங்கி, இரண்டு கைகளாலும் அமுக்கிப் பார்த்தார். "வைக்கோல நல்லா இறுக்கி அடைச்சிருக்கு மக்களே, ஊசி ஆடாது" என்றார். தம் தலையணையில் வேலை பாதியில் நின்றிருந்ததைக் காட்டினார். உருளைத் தலையணையைச் சுற்றித் துளையிட்ட தடித்த காகிதம், துளைதோறும் குண்டூசி, ஊசிகளிலிருந்து தொங்கும் நூல்கள், ஒவ்வொரு நூலின் முனையிலும் பென்சில் அளவிலான மரக்கட்டை. ஒரு நேரத்தில் நான்கு கட்டைகள்தான் கையில் இருக்கும். இடதை வலதின்மேல் போட்டு, நடுவை மாற்றி, முறுக்கி, ஊசியைக் குத்தி, அடுத்த நான்கு. கட்டைகள் மோதும் மெல்லிய சத்தம் மழைச் சத்தத்தோடு கலந்து கேட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரத்தில் சுண்டுவிரல் நகத்தளவுக்கு ஒரு பூ உருவானது. ஒரு மனிதப் பிறவியின் விலைக்கு இப்படி எத்தனை பூக்கள் வேண்டியிருந்திருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்த வீட்டுப் பள்ளிகளைப் பற்றி எழுதும்போது குப்பாயத்தை விட்டுவிட முடியாது. போர்டிங் பிள்ளைகள் மேல்மறைத்து உடுத்துவதற்காக மிஷனரிகளின் மனைவிமார் தைத்துக் கொடுத்த தளர்ந்த மேற்சட்டை அது. வளாகத்துக்குள் அது வெறும் சட்டை. மதிலுக்கு வெளியே, தெருவில், அது கலகம். ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேலுடம்பை மறைத்து உடுத்தும் உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் 1822 தொடங்கி விட்டுவிட்டு எரிந்து, 1859 ஜூலை மாத அரசாணையில்தான் ஓரளவு தணிந்தது. திண்ணையில் ஒரு பெண் பிள்ளைக்கு ஊசி நூல் கோக்கக் கற்றுக்கொடுத்த வேலை இத்தனை தூரம் போய் நின்றது.

குறையையும் சொல்லிவிடவேண்டும். ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற இங்கிலாந்துப் புரவலரின் பெயரை அந்தப் பிள்ளைக்கே சூட்டும் வழக்கம் இருந்தது. முகம் பார்த்திராத ஒருவருடைய பெயரை ஆயுள் முழுக்கச் சுமந்த பெண்கள் இருந்திருக்கிறார்கள். சோறு போட்ட கைக்கு நன்றி சொல்லும் அதே நேரத்தில், அவர்களுக்கு வீட்டார் வைத்த பெயர் என்ன ஆனது என்றும் கேட்கத்தான் வேண்டும். அந்த வீடுகளின் கதவுக்கும் ஓர் எல்லை இருந்தது. மீட் பிற்காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணை மணந்துகொண்டபோது, சங்கத்தை விட்டே அவர் விலக நேர்ந்தது. தமிழ்ப் பிள்ளையை வளர்க்கலாம், தமிழ்ப் பெண்ணை மனைவியாக்கக் கூடாது என்றால், அந்த அன்பின் அளவு எது என்று தெரிந்துவிடுகிறது.

இரண்டாம் நாள்: நெய்யூர்

மழை விடவில்லை. நெய்யூருக்குப் போய்விட்டு மாலையே திரும்பிவிட்டேன். இங்கே 1838இல் தொடங்கிய மருத்துவ ஊழியம் பெரிய மருத்துவமனையாக வளர்ந்ததும், எவரெஸ்ட் ஏறப் போன சாமர்வெல் மருத்துவர் பின்னர் இங்கே பல்லாண்டுகள் அறுவைச் சிகிச்சை செய்ததும் பலருக்குத் தெரிந்த செய்திகள். நான் போனது அவற்றுக்காக அல்ல. நாளை மறுநாள் நான் போகவிருக்கும் டோனாவூர்ப் பிள்ளைகள் இல்லத்தில் கைக்குழந்தைகளுக்கு நோய் வந்தால் பார்க்க மருத்துவர் இல்லாத காலத்தில், அந்தக் குழந்தைகளை இந்த மருத்துவமனையின் அருகில் ஒரு வீடெடுத்து வளர்த்தார்கள். பொறுப்பாக இருந்தவர் பொன்னம்மாள் என்னும் தமிழ்ப் பெண். இளம் வயதில் கணவரை இழந்தவர். சீதபேதி பரவி ஒரே அலையில் பத்துக் குழந்தைகள் இறந்தபோது பக்கத்தில் இருந்தவரும் அவரே.

டோனாவூரிலிருந்து இங்கே மாட்டுவண்டியில் கைக்குழந்தையோடு வருவது என்றால் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து வரவேண்டும். அந்தப் பாதையில் இன்று பேருந்து சில மணி நேரத்தில் போய்விடுகிறது. சன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, வண்டியின் குலுக்கலில் பிள்ளையை மார்போடு அணைத்தபடி, பால் கெட்டுப்போகாமல் ஊர் சேரவேண்டுமே என்று வழி முழுக்கக் கவலைப்பட்டவர்களை நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள்: இடையன்குடி

கூடங்குளம் தாண்டியதும் சாரல் பின்தங்கிவிட்டது. இருபுறமும் காற்றாலைகள், ஆனிக் காற்றில் எல்லாம் சுழன்றுகொண்டிருந்தன. திசையன்விளையில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவில் இடையன்குடி போனேன். தேரிக்காட்டுச் செம்மண் சேலையின் கொசுவத்தில்கூட ஏறி உட்கார்ந்துகொண்டது. வழியில் ஒரு பனையடியில் பதநீர் விற்ற அம்மா, பட்டையில் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "யாரத் தேடிப் போறீய?" என்று கேட்டார். கால்டுவெல் அம்மாளைத் தேடிப் போகிறேன் என்றேன். "ஐயருதானே பெரியவரு" என்றார் அவர்.

ஐயர் பெரியவர்தான். 1841இன் இறுதியில் இங்கே வந்தார், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார், 1877இல் பேராயரானார். அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு 2011இல் நினைவில்லமாக்கியிருக்கிறது. 1847இல் தொடங்கி 1880இல் முடிந்த தூய திரித்துவ ஆலயம் முப்பத்துமூன்று ஆண்டு உழைப்பு. இவையெல்லாம் பாடநூலில் உண்டு. பாடநூலில் இல்லாதவர் எலைசா. மால்ட் தம்பதியின் மகளாக 1822இல் நாகர்கோவிலில் பிறந்தவர். அதாவது, ரேந்தை தொடங்கிய அடுத்த ஆண்டே அந்த வளாகத்தில் பிறந்த குழந்தை. கட்டைகள் மோதும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்திருப்பார். ஊர்ப் பேச்சுத் தமிழ் அவருக்குப் படித்து வந்த மொழி அல்ல. 1844இல் கால்டுவெல்லை மணந்து இந்த மணற்காட்டுக்கு வந்தவுடன், தாயார் அங்கே செய்ததை மகள் இங்கே செய்தார். பெண் பிள்ளைகளைச் சேர்த்தார், போர்டிங் தொடங்கினார், ரேந்தைத் தலையணையை மடியில் வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

பெண்ணைப் படிக்க அனுப்பினால் வீட்டு வேலையும் கருப்புக்கட்டி காய்ச்சும் வேலையும் யார் செய்வது என்பது அன்றைய பெற்றோரின் கேள்வி. அதில் நியாயமும் இருந்தது. பனைக் காலத்தில் ஒரு கை குறைந்தால் அடுப்பு எரியாது. கூலி கிடைக்கும் கைத்தொழிலும் சேர்ந்து வந்தபோதுதான் பிள்ளைகள் வந்தார்கள். 1876 தொடங்கிய பெரும்பஞ்சத்தில் பெற்றோரை இழந்து வந்தவர்கள் பலர். இந்தப் போர்டிங்குகளில் படித்த பெண்கள் உபதேசியார் வீட்டு மருமகள்களாகவும் ஆசிரியைகளாகவும் அடுத்தடுத்த ஊர்களுக்குப் போனார்கள். போன இடத்தில் திண்ணையில் நான்கு பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். என் பாட்டியும் அப்படிப் போனவர்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கையெழுத்துப் போட்ட பெண் அவர்.

ஆலயத்துக்குள் கால்டுவெல்லின் கல்லறையருகில் எலைசாவின் கல்லறையும் இருக்கிறது. அங்கே நின்றிருந்தபோது இந்தக் குடும்பங்களைப் பற்றி நெடுநாளாக என்னை உறுத்தும் ஒன்று மீண்டும் மனத்தில் எழுந்தது. பிறர் பிள்ளைகளுக்கு வீட்டைத் திறந்த இந்தத் தம்பதிகளில் பலர், தம் சொந்தப் பிள்ளைகளைச் சின்ன வயதிலேயே கப்பலேற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பினார்கள். வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பயந்து அனுப்பினார்கள், படிப்புக்காகவும் அனுப்பினார்கள். அப்படி வரும் பெண் பிள்ளைகளுக்கென்றே 1838இல் அன்று இலண்டனுக்கு அருகிலிருந்த வால்தம்ஸ்டோவில் ஒரு பள்ளியும், ஆண் பிள்ளைகளுக்கென்று 1842இல் இன்னொரு பள்ளியும் தொடங்கவேண்டியிருந்தது. தம் பிள்ளைக்கு ஒரு போர்டிங், தாம் வளர்த்த பிள்ளைக்கு இன்னொரு போர்டிங். நடுவில் பல மாதக் கடல். அந்தத் தாய்மார் மாலையில் இங்கே யாரோ ஒரு பிள்ளைக்குத் தலைவாரிப் பின்னும்போது கை எந்த நினைப்பில் ஓடியிருக்கும்? தியாகம் என்று சபை இதைக் கொண்டாடியது. அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பாட்டியின் தலையணையை ஆலயத்துக்கு வெளியே படிக்கட்டில் சற்றுநேரம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். காற்று மணலை வாரி அதன்மேல் போட்டது. தட்டவில்லை, அப்படியே பைக்குள் வைத்தேன்.

நான்காம் நாள்: டோனாவூர்

வள்ளியூரிலிருந்து ஏர்வாடி வழியாகக் களக்காடு போகும் சாலையில் டோனாவூர். பிரஷ்ய நாட்டுப் பிரபு டோனா அனுப்பிய பொருளுதவியில் ரேனியஸ் ஐயர் அமைத்த குடியிருப்பு என்பதால் இந்தப் பெயர். மேற்கே மலை அவ்வளவு அருகில் நிற்கிறது. மேகம் முகட்டில் தங்கியிருந்தது. இது பார்வையாளர்களுக்காக நடக்கும் இடம் அல்ல, பிள்ளைகள் வாழும் வீடு. ஆகவே முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெற்றிருந்தேன். பிள்ளைகளின் படம் எடுக்கவில்லை. அவர்களைப் பற்றியும் இங்கே எழுதப்போவதில்லை.

ஏமி கார்மைக்கேல் அயர்லாந்தின் வடகிழக்குக் கரையில் மில்லைல் என்னும் ஊரில் 1867இல் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்தவர் 1951இல் இங்கேயே இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. திருநெல்வேலியில் அவர் முதலில் தங்கியது வாக்கர் ஐயர் தம்பதியின் வீட்டில். அவர்களிடம்தான் தமிழ் படிக்கத் தொடங்கினார், அவர்களோடுதான் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். 1901இல், கோவிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிப் பெண்கள் வாழ்ந்த கோவில் வீட்டிலிருந்து தப்பிவந்த ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் அவர் வாழ்க்கை திசை மாறியது. பொட்டுக்கட்டி விடப்படவிருந்த பெண் குழந்தைகளைத் தேடுவதும் வளர்ப்பதுமே பிறகு வேலையாயிற்று. 1918 முதல் ஆண் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது 1947இல். அதற்காகச் சட்டமன்றத்தில் போராடிய முத்துலட்சுமி ரெட்டி 1930இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும், தம் வீட்டுக் கதவைத் தட்டிவந்த பெண்களுக்கு இடம் கொடுக்கத்தான். இரண்டு பெண்களின் நம்பிக்கைகள் வேறு; கதவைத் திறந்த காரணம் ஒன்றுதான்.

என்னை மிகவும் நிறுத்தி வைத்தவை இங்கே புழங்கிய சொற்கள். ஏமியைப் பிள்ளைகள் அம்மா என்று அழைத்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்த பெண்கள் சித்தி. பிள்ளைகளைக் கூடவே வைத்து வளர்த்த தமிழ்ப் பெண்கள் அக்காள். ஆண்கள் அண்ணாச்சி. துரைசானி, மிஸ்ஸி என்ற சொற்கள் மற்ற மிஷன் வளாகங்களில் சகஜமாகப் புழங்கிய காலத்தில், இங்கே ஒரு திருநெல்வேலி வீட்டின் உறவுமுறையை அப்படியே எடுத்து விரித்திருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்குச் சித்தி என்று பெயர் வைத்தது எவ்வளவு பொருத்தம்! சித்தி என்றால் தாயின் தங்கை. தாய் அல்ல, ஆனால் தாய் இல்லாத நேரத்தில் பிள்ளை ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளக்கூடியவள். பிள்ளைகளுக்கு இட்ட பெயர்களும் இந்த மண்ணின் பெயர்கள், உடை சேலை. நாகர்கோவிலில் புரவலர் பெயரைச் சூட்டிய வழக்கத்தை நினைத்துக்கொண்டு இங்கே நடந்தபோது, இந்த முப்பது மைல் தூரத்துக்குள் எவ்வளவு பாடம் கற்றிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பிறந்த நாள் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன கொண்டாடுவது? இங்கே கொண்டாடியது வந்த நாளை. எந்த நாளில் இந்த வாசலைக் கடந்து உள்ளே வந்தாளோ அந்த நாள் அவளுக்குரியது. இதைக் கேட்டபோது என் வகுப்பில், பிறந்த தேதிக் கட்டத்தை நிரப்ப முடியாமல் விண்ணப்பத்தை வெறுமையாக நீட்டிய ஒரு மாணவியின் முகம் நினைவுக்கு வந்தது. அன்று நான் ஏதோ ஒரு தேதியைப் போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். இப்படி ஒரு நாள் இருக்கலாம் என்று எனக்கு அப்போது தெரிந்திருக்கவில்லை.

அக்காள்மாரைப் பற்றி இன்னும் எழுதப்படவேண்டும். ஏமி எழுதினார், ஆகவே உலகம் ஏமியை அறிந்தது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அழும் பிள்ளையைத் தூக்கியவர்கள், சிரங்குக்கு மருந்து தடவியவர்கள், அரிசி தீர்ந்த அன்றைக்குக் கஞ்சியைப் பெருக்கியவர்கள் இந்தத் தமிழ்ப் பெண்கள். பிள்ளை வளர்ப்பதும் அதன் துணி துவைப்பதும் கூலிக்காரர் வேலை என்று பார்த்த சமூகத்தில், யாருடைய வயிற்றில் பிறந்தது என்றே தெரியாத குழந்தையைச் சாதி பாராமல் மடியில் போட்டுக்கொள்ள ஆட்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. பொன்னம்மாள் அதைச் செய்து காட்டியதால்தான் மற்றவர்கள் வந்தார்கள். 1915இல் புற்றுநோயில் அவர் இறந்தார். சிறுமியாக வந்து சேர்ந்து, பின்னாளில் ஏமிக்கு வலக்கையாக நின்ற அருளாய் 1939இல் இறந்தார். ஏமியோ 1931இல் கீழே விழுந்து அடிபட்டு, கடைசி இருபது ஆண்டுகளை ஏறக்குறைய அறைக்குள்ளேயே கழித்தவர். அந்த இருபது ஆண்டும் வீடு நடந்தது என்றால் நடத்தியவர்கள் யார் என்பது விளங்கும்.

பரம சுக சாலை என்ற மருத்துவமனையின் பெயரை வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். தமக்குக் கல் வைக்கக் கூடாது என்று ஏமி சொல்லியிருந்தார். பிள்ளைகள் கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் நீராட ஒரு கல்தொட்டி வைத்தார்கள். அதில் அம்மை என்ற ஒரு சொல் மட்டும் உண்டு. நான் நின்றபோது இரண்டு தவிட்டுக் குருவிகள் வந்து, தண்ணீரை இறைத்துவிட்டுப் போயின.

ஐந்தாம் நாள்: பண்ணைவிளை

திருநெல்வேலி வந்து, திருவைகுண்டம் வழியாகப் பெருங்குளத்தில் இறங்கினேன். குளம் பெயருக்கேற்றபடி பெரியதுதான். கோவிலைச் சுற்றிய தெருவில் நடந்து, அங்கிருந்து பண்ணைவிளை பங்களாவுக்குக் கால்நடையாகவே போனேன். வாக்கர் ஐயரின் வீடு இருந்த இடம் அது. ஊர்ப் பெயரோடு பங்களா என்ற சொல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1901 மார்ச்சில் ஒரு மாலை, ஏழு வயதுப் பிரீனா இந்தத் தூரத்தைத் தனியாகக் கடந்தாள். அதற்கு முன்பே ஒருமுறை தூத்துக்குடியில் இருந்த தன் தாயிடம் ஓடிப்போனவள் அவள். கோவில் வீட்டுப் பெண்கள் பின்னாலேயே வந்து கேட்டபோது, தாய் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஓடிப்போனதற்காகக் கைகளில் சூடு போட்டார்கள். அந்தத் தாயைக் கல்நெஞ்சுக்காரி என்று எழுதியவர்கள் உண்டு. கோவிலுக்கு நேர்ந்த பிள்ளையை வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கே கேடு வரும் என்று ஊரே நம்பியபோது, அவளுக்கென்று நிற்க யார் இருந்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

இரண்டாம் முறை ஓடிவந்த பிள்ளை தேவாலயத்தின் அருகே நின்றதை ஊர்ப் பெண் ஒருத்தி பார்த்தாள். இருட்டிவிட்டது. கோவில் வீட்டாரிடம் திருப்பிக் கொண்டுபோய் விட்டிருக்கலாம், அதுதான் வழக்கம். அவள் பிள்ளையைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் இரவு தங்கவைத்தாள். விடிந்ததும் பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்தின நாள்தான் ஏமி ஊருக்குத் திரும்பியிருந்தார்.

நான் வழக்கமாக நடக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஏழு வயதுக் கால் போகக்கூடிய வேகத்தில் திரும்பி நடந்தேன். வழியில் ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டேன். உள்ளேயிருந்து வந்த அக்கா சொம்பை நீட்டிவிட்டு, "வெயில்ல ஏன் நடக்கீய, உள்ள வந்து உக்காந்து குடிங்க" என்றார்.